தோட்டத்தில் மேயும் மான் காட்டில் ஏன் கண்ணில் படுவதில்லை?

கேள்வி கேட்டவர் விஸ்கான்சினில் மேடிசனுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். கூட வேலை பார்ப்பவர் கூப்பிட்டார் என்று போன நவம்பரில் முதன்முதலாக மான் வேட்டைக்குப் போய், இரண்டு நாள் விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை ஒரு மரத்தடியில் குளிரில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை. ஆனால் கோடை முழுக்க அவர் வீட்டுக் கொல்லையில் வெண்டையையும் தக்காளியையும் மொட்டையடித்தது இதே வெள்ளைவால் மான்தான். ஜன்னலைத் தட்டினால்கூட நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயுமாம். இது எப்படி, இந்த மிருகத்தின் புத்தி எப்படித்தான் வேலை செய்கிறது, அடுத்த சீசனுக்குள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறார்.

காட்டில் மான் இருந்திருக்கும். நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது உங்களை மோந்துவிட்டது, அவ்வளவுதான். கொல்லையில் மேயும் மானுக்கும் உங்கள் வாடை நன்றாகவே தெரியும். ஆனால் அங்கே அது தினமும் இருக்கிற வாடை: கதவு திறக்கும், நாய் குரைக்கும், கார் கிளம்பிப் போகும், யாரும் அதன் பின்னால் வருவதில்லை. மனிதன் வழக்கமாக இருக்கிற இடத்தில் இருந்தால் இந்த மானுக்குப் பெரிய கவலை இல்லை. அது படுத்து அசைபோடுகிற புதருக்கு நூறடி தள்ளி, நேற்றுவரை இல்லாத மனித வாடை இன்று விடிகாலையில் வந்தால் விஷயமே வேறு. தலைதெறிக்க ஓடக்கூட ஓடாது; சத்தமில்லாமல் எழுந்து பின்பக்கமாக நழுவிவிடும். அது போனதே உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் புதிதாகப் போகிறவர்களில் பாதிப்பேர் ‘இந்தக் காட்டில் மானே இல்லை’ என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

என்னைக் கேட்டால், கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி காற்றும், நீங்கள் காட்டுக்குள் போகிற வருகிற வழியும்தான். கடைகளில் விற்கிற வாடை போக்கும் ஸ்ப்ரே, இலை படம் போட்ட சட்டை, மான் குரல் எழுப்பும் குழல் எல்லாம் அப்புறம். ஸ்ப்ரே அடித்துக்கொண்டு போனாலும் மூச்சு விடாமல் உட்கார முடியாது, மான் மூக்குக்கு அந்த மூச்சே போதும்.

மேடிசனுக்கு மேற்கே, தென்மேற்கு விஸ்கான்சின் முழுக்க மேடும் பள்ளமுமான நிலம். பனியுகத்துப் பனிப்பாளங்கள் அந்தப் பகுதியை மட்டும் தேய்க்காமல் விட்டுப்போனதால் செங்குத்தான முகடுகளும் குறுகலான பள்ளத்தாக்குகளும் அப்படியே இருக்கின்றன. இந்த மாதிரி இடத்தில் போனில் வானிலை பார்த்து ‘வடமேற்குக் காற்று’ என்று தெரிந்துகொண்டு போனால் மட்டும் போதாது. வெயில் ஏறினால் சரிவில் காற்று சூடாகி மேலே ஏறும், சாயங்காலம் நிழல் விழுந்ததும் குளிர்ந்து தண்ணீர்போலப் பள்ளத்துக்குள் இறங்கும். காலையில் நீங்கள் பள்ளத்தில் உட்கார்ந்தால் வெயில் வந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் வாடை முகடு வரைக்கும் போய்விடும். சாயங்காலம் முகட்டில் உட்கார்ந்தால் கீழே வயலுக்கு வருகிற அத்தனை மானுக்கும் தகவல் போய்விடும். ஆகவே காலையில் மேலே, மாலையில் கீழே என்பது பொதுவான கணக்கு. பொதுவானதுதான், இடத்துக்கு இடம் காற்று வேடிக்கை காட்டும்.

அதைப் பார்க்க இங்கே பழைய ஆட்கள் வைத்திருக்கிற வழி ரொம்ப எளிது. மில்க்வீட் என்று சாலையோரம் வளர்கிற செடி, நம் எருக்கின் குடும்பம்தான், அதே மாதிரி காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். செப்டம்பர், அக்டோபரில் நாலைந்து காயைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்தபின் ஒரு இழை பஞ்சை விரல் நுனியிலிருந்து விட்டுப் பாருங்கள். முதல் பத்துக் கஜம் நீங்கள் நினைத்த திசையில்தான் போகும். அப்புறம் சரிவின் விளிம்பில் தயங்கி நிற்கும், கீழே இறங்கும், ஓடைப் பக்கம் வளைந்து, சில சமயம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மான் தடத்துக்கே வந்து சேரும். அந்தப் பஞ்சு போன வழிதான் உங்கள் வாடை போகும் வழி. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் அதே இடத்தில் உட்கார யாருக்கும் மனசு வராது.

போகும் வழி அதைவிட முக்கியம் என்று சொல்வேன். விடிகாலை இருட்டில் மான்கள் சோளக் கொல்லையிலோ அல்ஃபால்ஃபா என்கிற மாட்டுத்தீவன வயலிலோ மேய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு அந்த வயலுக்குக் குறுக்கே டார்ச் அடித்துக்கொண்டு நடந்தால் அன்றைய கதை அங்கேயே முடிந்தது. சுற்றிப் போனாலும் பரவாயில்லை, ஓடைக்குள் இறங்கி நடந்தாலும் பரவாயில்லை, மான் தடத்தைக் குறுக்கே வெட்டாமல் போகிற வழி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி ஒரு வழி இல்லாத இடம் எவ்வளவு அருமையான இடமாகத் தெரிந்தாலும் அதை நான் விட்டுவிடுவேன். சாயங்காலம் இறங்கி வரும்போதும் இதே கதைதான், வயலில் மான் நிற்கும்போது பரணிலிருந்து தடதடவென்று இறங்கினால் நாளைக்கு அவை அந்தப் பக்கம் இருட்டிய பிறகுதான் வரும்.

கண்ணைப் பற்றி ஒரு விஷயம், ஏனென்றால் சட்டப்படி ஆரஞ்சு நிற ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மானுக்குத் தெரியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். மான் கண்ணில் நிறம் காணும் செல்கள் இரண்டு வகைதான், நீலத்துக்கு ஒன்று, பச்சை-மஞ்சளுக்கு ஒன்று. சிவப்புக்குத் தனியாக எதுவும் கிடையாது. அந்த ஆரஞ்சு அதற்கு ஏதோ மங்கின நிறமாகத்தான் இருக்கும். ஆனால் நீலம் நம்மைவிட நன்றாகத் தெரியும், புற ஊதாவும் ஓரளவு தெரியும், அதனால் புது நீல ஜீன்ஸும், துணியைப் பளிச்சென்று ஆக்கும் சோப்புத் தூளில் துவைத்த சட்டையும்தான் பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை அசைவு. தலையைத் திருப்பாமலே சுமார் 300 பாகை சுற்றிலும் பார்க்கிற கண் அது. மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினால் போதும்.

சந்தேகம் வந்த பெண் மான் என்ன செய்யும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் சிரிப்பும் வரும், நெஞ்சும் அடித்துக்கொள்ளும். முன்னங்காலை மடக்கித் தூக்கி டொக்கென்று தரையில் தட்டும். காத்திருக்கும். இன்னொரு தட்டு. குளம்புப் பிளவுக்கு நடுவில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதன் வாடையும் அந்த இடத்தில் இறங்கிவிடும், அடுத்து வருகிற மானுக்கு அது எச்சரிக்கை. பிறகு தலையைக் குனிந்து மேய்வது போல ஒரு பாவனை. வாயில் ஒரு புல் இருக்காது. நீங்கள் ‘அப்பாடா’ என்று துப்பாக்கியை அசைக்கும் நேரத்தில் வெடுக்கென்று தலை நிமிரும். இரண்டு மூன்று தடவை இப்படி உங்களைச் சோதிக்கும். அசையாமல் இருந்து, காற்றும் உங்கள் பக்கம் இருந்தால் வாலை ஒரு சின்ன ஆட்டு ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பிக்கும், அந்த ஆட்டு வந்தால் நம்பிவிட்டது என்று அர்த்தம். வாடை பட்டுவிட்டால் மூக்கால் ‘ப்ஃபூ’ என்று பலமாக ஊதி, வெள்ளை வாலைக் கொடிபோலத் தூக்கிக்கொண்டு பாய்ந்துவிடும், காது கேட்கும் தூரத்திலுள்ள எல்லா மானும் உஷாராகிவிடும். வயதான பெண் மான்தான் காட்டின் காவல்காரி. பெரிய கொம்பு ஆண் மானை ஏமாற்றுவதைவிட அவளை ஏமாற்றுவது கஷ்டம் என்பது என் எண்ணம்.

சரி, மான் எங்கே இருக்கும்? ஆடு மாடு மாதிரி இதுவும் அசைபோடுகிற பிராணி, வயிறு நாலு அறை. அவசரமாக மேய்ந்துவிட்டு, பத்திரமான இடத்துக்குப் போய்ப் படுத்து நிதானமாக அசைபோடும். ஆகவே அதன் நாள் என்பது தின்கிற இடம், படுக்கிற இடம், இரண்டுக்கும் நடுவே நடக்கிற பாதை, இவ்வளவுதான். விடியும் முன்னும் பின்னும், அஸ்தமிக்கும் முன்னும் பின்னும் நடமாட்டம் அதிகம். பெரும்பாலான மான்கள் ஒரு சதுர மைலுக்கு முன்பின்னாக உள்ள நிலத்துக்குள்ளேயே வருஷத்தைக் கழித்துவிடும், பெண் மான்கள் அதைவிடச் சின்ன இடத்தில், தாய், மகள், பேத்தி என்று கூட்டாக. ஒன்றரை வயது ஆண் மான்களில் நிறைய தாயின் இடத்தை விட்டுக் கிளம்பிச் சில மைல் தள்ளிப் போய்க் குடியேறும்.

தீனி விஷயத்தில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்வதென்றால் ஓக் மரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். வெள்ளை ஓக் இலையின் மடல்கள் வட்டமாக இருக்கும், சிவப்பு ஓக் இலையின் மடல்கள் கூர்மையாக முடியும். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அதனால் அது கீழே விழ ஆரம்பித்தால் மான் பக்கத்துச் சோயா வயலைக்கூட விட்டுவிட்டு அங்கே போகும். செப்டம்பர் கடைசியில் வயலோரம் தினமும் மேய்ந்த மான்கள் திடீரென்று காணாமல் போனால், யாரோ சுட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், முகட்டில் ஓக் கொட்டை உதிர்கிறது. சிவப்பு ஓக் கொட்டை துவர்ப்பு என்பதால் கடைசிவரை கிடக்கும், பனிக்காலத்தில் பனியைக் கிளறித் தின்னும். மரத்தடியில் ஓடு உடைந்து கிடக்கிறதா, புதுப் புழுக்கை இருக்கிறதா என்று பார்த்தாலே அந்த வாரத்துக்கு எந்த மரம் என்பது தெரிந்துவிடும்.

படுக்கிற இடம் பெரும்பாலும் முகட்டுக்குச் சற்றுக் கீழே, காற்றுக்கு மறைவான சரிவில். முதுகுப் பக்கம் முகட்டைத் தாண்டி வருகிற காற்று பின்னால் யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடும், முன்னால் கீழே உள்ளதைக் கண் பார்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் மானின் புத்தி மேல் மரியாதை வந்துவிடும். அந்தப் படுக்கைக்குள்ளேயே போய் உட்காரப் பார்க்காதீர்கள். அதற்கும் தீனிக்கும் நடுவே நிலம் மானை ஒரே வழியாக நெருக்குகிற இடங்கள் இருக்கும்: இரண்டு குன்றுக்கு நடுவே தாழ்ந்த கணவாய், வேலி அறுந்து கிடக்கும் மூலை, ஓடை ஆழம் குறைகிற துறை, இரண்டு காட்டை இணைக்கும் குறுகலான மரவரிசை. அங்கே, காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறபடி, தடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி.

இனி நவம்பர். இதுவரை சொன்னதெல்லாம் ஆண் மான்கள் பாதி மறந்துவிடுகிற மாதம். பகல் குறையக் குறைய உடம்பில் சுரப்புகள் மாறி இணைசேரும் பருவம் தொடங்குகிறது; விஸ்கான்சின் மாதிரி வடக்கு மாநிலங்களில் நவம்பர் நடுவில் அது உச்சத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 200 நாள், எண்ணிப் பாருங்கள், குட்டி மே கடைசியிலும் ஜூன் முதலிலும் பிறக்கும், பசும் தழை நிறைந்து கிடக்கிற நேரம். முன்னே பிறந்தால் குளிர், பின்னே பிறந்தால் அடுத்த குளிருக்குள் வளர நேரம் போதாது. அதனால்தான் இந்தத் தேதி வருஷத்துக்கு வருஷம் பெரிதாக நகர்வதில்லை. பௌர்ணமியை வைத்து இந்தப் பருவத்தைக் கணிக்கிறோம் என்று பஞ்சாங்கம் விற்பவர்கள் இங்கேயும் உண்டு. காசை மிச்சம் பிடியுங்கள். தென் டெக்ஸாஸில் உச்சம் டிசம்பரில், ஃப்ளோரிடாவில் இடத்தைப் பொறுத்து ஜூலையிலேயே தொடங்கும் பகுதிகள்கூட உண்டு, ஆகவே யூட்யூபில் யாரோ டெக்ஸாஸ் பண்ணையில் எடுத்த வீடியோவைப் பார்த்து இங்கே தேதி குறிக்காதீர்கள். அங்கே சோளம் கொட்டி வைத்துச் சுடுவதும் சட்டப்படி சரி. இங்கே பெரும்பாலான மாவட்டங்களில் தீனி வைப்பதே தடை.

கோடை முழுக்க ஒன்றாக மேய்ந்த ஆண் மான்கள் செப்டம்பரில் கொம்பின் மேல்தோலை உரித்ததும் பிரிய ஆரம்பிக்கும். அக்டோபரில் சிறு மரங்களில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்து வைக்கும், தொங்குகிற கிளை ஒன்றின் கீழே தரையைக் குளம்பால் கிளறி, பின்னங்கால்களைச் சேர்த்துவைத்து அதன்மேல் வழியும்படி அங்கே சிறுநீர் கழித்து, மேலே கிளையை நக்கி, கடித்து, முகத்தைத் தேய்த்துவிட்டுப் போகும். அந்தக் கிளை அந்த வட்டாரத்து மான்களுக்கு அறிவிப்புப் பலகை. அதைக் கண்டதும் அங்கேயே பரண் கட்டிவிடத் தோன்றும். ஆனால் கேமரா வைத்துப் பார்த்தால் வருகை பெரும்பாலும் ராத்திரியில்தான், எனவே அதிலிருந்து மான் படுக்கிற பக்கமாகக் கொஞ்சம் தள்ளி உட்காருவது புத்திசாலித்தனம். நவம்பர் முதல் வாரம் ஆண் மான் பட்டப்பகலில் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு மைல்கணக்கில் அலையும், சாலையில் காரில் அடிபடுவதும் இந்த மாதத்தில்தான் அதிகம். பெண் மான் இணங்குகிற நேரம் சுமார் ஒரு நாள்தான். அப்போது ஆண் மான் அவளை ஒரு புதர் மூலைக்கு ஓட்டிக்கொண்டுபோய் ஒன்றிரண்டு நாள் அங்கேயே நிற்கும். பல பெண் மான்கள் ஒரே சமயத்தில் அந்த நிலையில் இருந்தால் காடே வெறிச்சோடின மாதிரி இருக்கும். கருத்தரிக்காதவை சுமார் 28 நாள் கழித்து மறுபடி தயாராகும், டிசம்பரில் ஒரு சின்ன அலை.

இங்கேதான் உங்கள் இரண்டு நாளுக்கான இன்னொரு காரணம் வருகிறது. விஸ்கான்சின் துப்பாக்கி சீசன் நன்றி நவிலல் நாளுக்கு (நவம்பரின் நான்காவது வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். அதாவது உச்சம் தாண்டுகிற நேரம், அதோடு சுமார் ஐந்தரை லட்சம் பேர் உரிமம் வாங்கியிருக்கிற சீசன். சனிக்கிழமை விடிவதற்குள் எல்லாப் பக்கமும் வண்டிக் கதவு சாத்தும் சத்தம், வாடை, டார்ச். மானுக்கு ஒரு மணி நேரத்தில் விஷயம் புரிந்துவிடும். அன்றைக்கு நான் சொல்கிற ஒரே யோசனை: நடுப்பகலில் எழுந்து போகாதீர்கள். பத்து, பதினொரு மணிக்குக் குளிர் தாங்காமல் மற்றவர்கள் எழுந்து காபிக்கு நடப்பார்கள், அவர்கள் கிளப்பிவிடுகிற மான் தப்பித்துப் போகிற அடர்ந்த வழியில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு மேல் மான் யாரும் நுழையாத இடத்தில்தான் இருக்கும்; அது பெரும்பாலும் தொலைவான காடாக இருக்காது. பார்க்கிங்கிலிருந்து கல்லெறி தூரத்தில், எல்லோரும் தாண்டிப் போகிற முள் புதரோ நாணல் சதுப்போ இருக்கும். வில் சீசன் செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது, மானின் இயல்பான நடமாட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் காலம். ஆனால் இருபது, முப்பது கஜத்துக்குள் வர வைக்க வேண்டும், பயிற்சியும் அதற்கேற்ப.

சுடுவதைப் பற்றிச் சுருக்கமாக. பக்கவாட்டில் நிற்கிற மானின் தோளுக்குப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கிலிருந்து நடுப்பகுதிக்குள். இதயமும் நுரையீரலும் அங்கே. உங்களை நேருக்கு நேர் பார்க்கிற மானையும், ஓடுகிற மானையும் விட்டுவிடுங்கள். நல்ல அடி பட்டாலும் நூறு கஜம் ஓடும், உடனே பின்னால் ஓடாமல் அரை மணி காத்திருங்கள். பிறகு அது நின்ற இடத்தில் குனிந்து ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பென்றால் கல்லீரலாக இருக்கலாம், நாலு மணி நேரமாவது விடுங்கள். பச்சையாக, குடல் நாற்றத்தோடு இருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பின்தொடர்ந்தால் அது எழுந்து மைல்கணக்கில் போய், யாருக்கும் கிடைக்காமல் வேதனைப்பட்டுச் சாகும். விழுந்த மானை மறுநாள் சாயங்காலம் 5 மணிக்குள் ஆன்லைனிலோ போனிலோ பதிவு செய்ய வேண்டும். பரணில் ஏறினால் இடுப்பு-தோள் பட்டை மாட்டாமல் ஏறாதீர்கள், இந்த விளையாட்டில் குண்டு பட்டுக் காயப்படுவதைவிடப் பரணிலிருந்து விழுந்து காயப்படுவது அதிகம்.

கறி சாப்பிடுவீர்கள் என்றால் இன்னொன்று. மான்களின் மூளையை அரிக்கிற நாள்பட்ட மெலிவு நோய் ஒன்று இருக்கிறது, இங்கே சி.டபிள்யூ.டி. என்பார்கள். 1960-களில் கொலராடோவில் முதலில் கவனித்தது. விஸ்கான்சினில் 2002-இல் உங்கள் டேன் கவுண்டியில், மவுண்ட் ஹோரப் பக்கம்தான் கண்டுபிடித்தார்கள். வைரஸோ பாக்டீரியாவோ இல்லை, ப்ரியான் என்கிற திரிந்த புரதம். சமைத்தாலும் அழியாது, மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். மனிதனுக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. நீங்கள் இருக்கும் பகுதியில் இது சகஜம், பார்வைக்கு மான் கொழுகொழுவென்றே இருக்கும். தலையைக் கொடுத்தால் கழுத்து நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதித்துச் சொல்வார்கள், விஸ்கான்சினில் வேட்டைக்காரர்களுக்கு இலவசம். முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் இருக்கட்டும். நன்கு வளர்ந்த பெண் மானில் சுமார் 20 கிலோ எலும்பில்லாக் கறி தேறும். கொழுப்பை மட்டும் ஒன்றுவிடாமல் சீவி எறியுங்கள், ஆட்டுக் கொழுப்பு மாதிரி இல்லை, வாயில் மெழுகாக ஒட்டும். கவிச்சி என்று எல்லோரும் சொல்வது பாதி அதிலிருந்து வருவதுதான். முதுகெலும்பை ஒட்டிய நீளத் துண்டை மிளகு போட்டுச் சட்டென்று வறுத்து இறக்கிவிடுங்கள், தொடையும் தோளும் குக்கருக்கு.

ஊரில் இதைச் சொன்னால் ‘மானையா சுட்டாய்?’ என்று முகம் மாறும். நியாயம்தான். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு மான் வேட்டை என்றாலே ஜெயில் ஞாபகம் வரும், புள்ளிமானும் மிளாவும் இன்று அங்கே இருக்கிறதென்றால் அந்தத் தடைக்கு அதில் பெரிய பங்கு. இங்கே கதை வேறு மாதிரி போயிற்று. 1900 வாக்கில் கறிக்கும் தோலுக்கும் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளி, நாடு முழுக்கச் சில லட்சம் வெள்ளைவால் மான்கள்தான் மிச்சம். அதன்பின் காட்டு மான் கறி விற்பதைத் தடுத்து, சீசனையும் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தி, 1937-இல் துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குப் பணிக்கென்றே ஒதுக்கும் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று சுமார் மூன்று கோடி. ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் போய்விட்டன, எண்ணிக்கை கட்டுமீறினால் காட்டில் ஓக் கன்று தலையெடுக்க விடாமல் மேய்ந்துவிடும், கடும் குளிரில் பட்டினி கிடந்து கூட்டமாகச் சாகும். விஸ்கான்சினில் 1943-இல் வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் போன்றவர்கள் பெண் மானையும் சுட்டால்தான் காடும் மானும் பிழைக்கும் என்று சொன்னபோது வேட்டைக்காரர்களே கொதித்து எழுந்தார்கள். இப்போதும் எண்ணிக்கையைக் குறைப்பது பெண் மானுக்கான அனுமதிகள்தான், கொம்புள்ளதை மட்டும் சுட்டு எண்ணிக்கை குறையாது. உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் கேமராவோடு போங்கள், மேலே சொன்ன காற்றுக் கணக்கு அதற்கும் ஒன்றுதான்.

அடுத்த சீசனுக்கு இப்போதே என்ன செய்யலாம் என்றால், பனி இன்னும் தரையில் கிடக்கும் பிப்ரவரி, மார்ச்சில் அந்தக் காட்டுக்குள் இஷ்டம்போல நடங்கள். அப்போது மானைக் கலைத்தால் நவம்பருக்குள் மறந்துவிடும். இலை இல்லாததால் தடங்கள் அப்பட்டமாகத் தெரியும், பனியில் மான் படுத்த முட்டை வடிவக் குழி, போன வருஷம் பட்டை உரித்த மரங்கள் எந்தப் பக்கமாக வரிசை கட்டியிருக்கின்றன என்பது எல்லாம் படிக்கக் கிடைக்கும். பட்டை உரிந்த பக்கம் எதுவோ, மான் அந்தப் பக்கமிருந்துதான் நடந்து வந்திருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் உதிர்ந்த கொம்பும் கிடைக்கும்.

நீங்கள் கேட்காதது ஒன்று, ஆனால் நம் ஆட்களுக்கு ரொம்ப முக்கியம். எச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். முறையான வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. நண்பர் தன் துப்பாக்கியை ‘சும்மா பிடித்துப் பாரு’ என்று கொடுத்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது: முதலில் உரிமம், அப்புறம் துப்பாக்கி. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் விசா நிலையைக் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், இதில் தெரியாமல் செய்தேன் என்பது எடுபடாது. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் விஸ்கான்சினில் உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும், அல்லது அனுபவசாலி ஒருவர் கூடவே, கை எட்டும் தூரத்தில் இருக்கும் வழிகாட்டுதல் முறையில் போகலாம். வகுப்பை வசந்தத்திலேயே முடித்துவிடுங்கள், ஆகஸ்டுக்கு மேல் இடம் கிடைப்பது கஷ்டம்.